அப்பா பார்க்க மாட்டேன் என்ற படம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று, முதல் வேலையாக அலமாரிக் கண்ணாடியின்மேல் ஒரு துண்டைத் தொங்கவிடச் சொன்னார். அம்மா தொங்கவிட்டாள். அதன்பிறகு நாங்கள் மூன்று பேருமே அந்தத் துண்டைப் பற்றிப் பேசவில்லை. நான் சன்னல் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த என் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டேன்.

வலது பக்கம்தான் பாதிப்பு. கால் மெல்ல மெல்லத் தேறியது. கைத்தடி ஊன்றி நடந்தார். பேச்சு குழறினாலும் புரிந்தது. முகம் மட்டும் பழையபடி ஆகவில்லை. வலது கன்னம் தளர்ந்து, வாயின் ஓரம் கீழே இழுபட்டு, அந்தப் பக்கத்துக் கண்ணில் எப்போதும் நீர் கசிந்துகொண்டிருந்தது. அம்மாதான் சவரம் செய்துவிட்டாள். கோயிலுக்குப் போவது நின்றது. தானா ராத்தா டவுனுக்குப் போவது நின்றது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து யாராவது கதவைத் தட்டினால் தடியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவார்.

இத்தனைக்கும் வீட்டில் தங்காத மனிதர் அவர். தேயிலைத் தோட்டத்து லோரி டிரைவராக இருந்தவர். சரிவுகளிலிருந்து பச்சைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்கு வருவார். ஓய்வு பெற்ற பிறகும் கோலா தெர்லாவிலிருந்து கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் போய்வந்தார். அம்மா தொழிற்சாலையில் இன்னும் வேலை பார்ப்பதால் தோட்டம் தந்த லயத்து வீடு எங்களிடமே இருந்தது. பகலில் அப்பாவும் நானும்தான்.

நான் ஓவியம் வரைந்து பிழைப்பவள். கியா பார்ம் பக்கம் தோட்டக்காரர்களின் சுவர்களில் ஸ்ட்ராபெர்ரிக்குக் கண்ணும் வாயும் கன்னக்குழியும் வைத்து ஆளுயரத்துக்கு வரைந்து கொடுப்பேன். சுற்றுலா வருபவர்கள் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மழை நாளில் சுவர் வேலை செய்ய முடியாது. அப்போது வீட்டில் எனக்காக மனித முகங்களை வரைவேன். அவற்றை யாரும் கேட்டதில்லை, நானும் யாரிடமும் காட்டியதில்லை.

அப்பாவின் முகத்துக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காலையில் நான் அவருக்கு எதிரே முக்காலி போட்டு உட்காருவேன். "உதட்ட குவிங்கப்பா. இப்ப கன்னத்த உப்புங்க. ஈன்னு சொல்லுங்க." அவர் என்னைப் பார்த்துச் செய்வார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சின்ன வயதிலிருந்து நான் பார்த்தது பெரும்பாலும் லோரியில் பக்கத்தில் உட்கார்ந்தபடி அவருடைய பக்கவாட்டு முகத்தைத்தான். சாலையைப் பார்க்கும் முகம். நேருக்கு நேர் அவரை அவ்வளவு நேரம் பார்த்தது இந்தப் பயிற்சியில்தான். இடது பக்கம் முயலும்போது வலது பக்கம் அசையாமல் இருக்கும். ஒரே முகத்தில் ஒருவர் பாடுபட, இன்னொருவர் தூங்குவதுபோல இருந்தது. எனக்கு அதை வரையவேண்டும்போல் இருந்தது. அப்படித் தோன்றியதற்காக என்மேல் எனக்கே அருவருப்பாகவும் இருந்தது.

சில நாள் அடக்கிவைத்துவிட்டு, கேட்டுவிட்டேன்.

"அப்பா, உங்கள வரையட்டுமா?"

"இந்த மூஞ்சியவா?"

"ஆமா."

சன்னலுக்கு வெளியே பனி ஏறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். "வரைஞ்சிக்க. எங்கிட்ட மட்டும் காட்டிடாத லா."

சன்னலோரம் உட்காரவைத்து வரைந்தேன். பாதியில் தூங்கிவிடுவார். மூச்சு வருகிறதா என்று தூரிகையைப் பிடித்தபடியே எட்டிப் பார்ப்பேன். இன்னொரு தடவை வந்தால் தாங்காது, மனம் பதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நெற்றி, மூக்கு, கண், காது எல்லாம் முடிந்தன. வாயை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டேன். வரைந்தேன், வழித்தேன், திரும்ப வரைந்தேன். எத்தனை முறை என்று நினைவில்லை.

எங்கள் மலை ஈரத்தில் எண்ணெய்ச் சாயம் லேசில் காயாது. வீட்டிலேயே சூடான இடம் சமையலறை என்பதால் படத்தை அங்கே, அடுப்புக்கு எதிரே, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அப்பா தினமும் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாலில்லாத தே-ஓ குடித்தார். கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு நாளும், இன்றைக்குப் பார்த்துவிடுவாரோ என்று அவர் கையையே கவனித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். மண்டபச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்க வந்தவர், என் படங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது நம்ம பக்கத்து வீட்டு அக்கா இல்ல? இது டவுன்ல சாப்பாட்டுக்கட காக்கா! ஏம்மா, நம்ம ஆளுங்க மூஞ்சிய வரைஞ்சி வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்க? ஞாயித்துக்கெழம மண்டபத்துல வையி. ஒவ்வொரு படத்தயும் எதுக்கு வரைஞ்சேன்னு நீயே நின்னு சொல்லு."

நாலு பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதைச் சொல்வதற்குள் அவர் சமையலறையில் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த படத்தைப் பார்த்துவிட்டார். "அது யாரு?"

"அப்பா."

அப்பா பின்னறையில் இருந்தார். தலைவர் சத்தமில்லாமல் படத்தைத் திருப்பிப் பார்த்தார், திரும்ப வைத்தார். குரலைத் தாழ்த்தி, "ஒங்கப்பாவ கேட்டுக்க. சரின்னா இதயும் கொண்டா," என்றார்.

கேட்டேன். "வை. நான் வரல," என்றார் அப்பா, அவ்வளவுதான்.

அம்மாதான் கொதித்துப்போனாள். "ஒனக்கு என்னா பைத்தியமா? இந்த மூஞ்சிய யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் அந்த மனுசன் வெளிய தலகாட்டல. நீ ஊரக் கூட்டிக் காட்டப் போறியா? நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசி அது அவரு காதுல வுழுந்து பிரஷர் ஏறிச்சின்னா?"

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரி என்றது மனதாரத்தானா, இல்லை மகளுக்காகவா? மறுநாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். "எத்தன தடவ லா கேப்ப? வைன்னு சொல்லிட்டேன்ல," என்று எரிச்சலானார். அவர் எரிச்சலானதில் எனக்கு இன்னும் பயம் கூடியது.

ஞாயிறு காலையிலிருந்தே தூறல். சாயம் ஒட்டிக்கொள்ளாதபடி அப்பாவின் படத்துக்கு மட்டும் அட்டையில் பெட்டி செய்து, ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்து முதலாளியான சீனத் தவ்கே தந்த வேனில் ஏற்றினேன். கிளம்பப் போகும் நேரத்தில் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"அந்த நீலச் சட்டய தேச்சி வை."

"எதுக்கு?" என்றாள் அம்மா.

"மண்டபத்துக்குப் போவதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாசற்படியில் நின்றபடி, "வரலன்னு சொன்னீங்களேப்பா," என்றேன்.

"இப்ப வரேன்னு சொல்றேன்."

அதற்குமேல் என்ன கேட்பது? வேனை எடுத்தேன். மண்டபம் பக்கம்தான், மேட்டில் ஏறி ஒரு வளைவு திரும்பினால் போதும். அந்தச் சிறிய தூரத்துக்குள், படத்தை வேனிலேயே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். காயவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்யும் இல்லை. ஆனால் சட்டை தேய்க்கச் சொன்ன மனிதர், வந்து பார்த்து அது இல்லையென்றால், தன் முகத்தை மகளே மறைத்துவிட்டாள் என்றுதானே நினைப்பார்? எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்பாகவே பட்டது. மாட்டிவிட்டேன், வரிசையில் கடைசியாக.

மழைக்குப் பயந்து யாரும் வரமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. தலைவர் மைக்கைக் கொடுத்தார். நான் வேண்டாம் என்று தள்ளிவிட்டு முதல் படத்தின் பக்கத்தில் போய் நின்றேன்.

அது பக்கத்து வீட்டு அக்கா. பல வருடம் கொழுந்து பறித்தவர். வேலை உடுப்போடு வரையவேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். அவரோ கல்யாணப் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து வந்து உட்கார்ந்தார். ஆனால் வழியெல்லாம் சேறு என்பதால் காலில் ரப்பர் பூட்ஸ். கழற்ற மறந்துவிட்டார். நான் சொல்லாமல் அப்படியே வரைந்துவிட்டேன். "அதுக்காகத்தான் இந்தப் படம்," என்று நான் சொன்னதும் பெண்கள் சிரித்தார்கள். அக்கா எழுந்து நின்று, "பூட்ஸும் தோட்டத்துல குடுத்ததுதான், புதுசு!" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இரண்டாவது, சரிவில் இயந்திரத்தால் கொழுந்து வெட்டும் வங்காளதேசத்து ஆள். வரைய உட்கார்ந்த நேரமெல்லாம் ஊரில் இருக்கும் மகளோடு போனில் பேசிக்கொண்டே இருந்தார். முகத்தை ஆட்டாதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. போன் வெளிச்சம் தாடையில் விழுந்ததை வரைந்தேன். அவர் கூட்டாளிகளோடு வந்திருந்தார். நான் பேசியது எவ்வளவு புரிந்ததோ, இப்போதும் போனை உயர்த்தி மகளுக்குப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் பெரியவர். எல்லாருக்கும் அவர் காக்கா. தே தாரிக் என்ற பால் டீயை ஆற்றும்போது எழும் ஆவியில் அவர் முகம் பாதி மறைந்து பாதி தெரியும். அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே வெளியே கார் நிற்கும் சத்தம் கேட்டது. நான் வாசலைப் பார்த்தேன்.

அப்பா தடியை ஊன்றி உள்ளே வந்தார். நீலச் சட்டை. பின்னால் அம்மா. மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அவரை நோய்க்குப் பிறகு பார்த்ததே இல்லை. யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவர் உட்காரவில்லை. முதல் படத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அக்காவின் பூட்ஸைப் பார்த்துத் தலையாட்டினார். காக்காவின் படத்தில் சற்று நின்றார். பிறகு கடைசிப் படத்துக்கு வந்தார்.

நான் ஒரு நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜனங்கள் படத்தைப் பார்க்கிறார்கள், அவரைப் பார்க்கிறார்கள், திரும்பப் படத்தைப் பார்க்கிறார்கள். நான் அவர் கழுத்து நரம்பையும் தடியைப் பிடித்த கையையும் பார்த்தேன். வலது கண்ணில் நீர் வழிந்தது. அது எப்போதும் வழிவதுதான், அழுகிறாரா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அம்மா அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். விழுந்தால் தாங்கத் தயாராக இருந்தாள் என்று நினைக்கிறேன்.

அவர் ஏதோ சொன்னார். குழறலில் எனக்குப் புரியவில்லை.

"என்னாப்பா?"

"இவ்ளோதானா?" என்றார். "இவ்ளோதானா இருக்கு? நான் இன்னும் ரொம்ப மோசமா இருக்கும்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் லா."

தலைவர்தான் முதலில் சிரித்தார். "இதுக்கா அண்ணே இத்தன மாசம் உள்ள உக்காந்திருந்தீங்க?" அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் படத்தைப் பற்றி நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. காலையில் உதட்டைக் குவிக்கச் சொல்லி எதிரே உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன்.

கூட்டம் கலையும்போது அம்மா மட்டும் படத்தின் முன்னால் நின்றிருந்தாள். அவள் அதை முழுதாகப் பார்த்ததும் அன்றைக்குத்தான். என்னை அருகில் கூப்பிட்டாள்.

"வாய கொஞ்சம் நேராக்கிட்ட."

"இல்லம்மா. பாத்துப் பாத்துதான் வரைஞ்சேன்."

"கையால தொட்டு சவரம் பண்ணி விடுறவ நான். எனக்குத் தெரியாதா?"

அப்பா மண்டபத்தின் மறுகோடியில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. வழித்து வழித்து வரைந்ததில் வாயின் ஓரம் ஒவ்வொரு முறையும் துளித்துளியாக மேலே ஏறியிருக்கிறது. ஒரு அரிசி அளவுதான். ஆனால் அந்த அளவை நம்பித்தான் அவர் இப்போது சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"இப்ப என்னம்மா பண்றது?"

"சொல்லிடு. வேற எங்கயாவது பாத்துத் தெரிஞ்சிக்கிட்டா இன்னும் சூசா, கஷ்டமாப் போயிடும்."

அதற்குள் அப்பா அங்கிருந்தே கூப்பிட்டார். "பாப்பா, நாளைக்கு டவுனுக்குப் போலாம். முடி வெட்டணும்."

முடிவெட்டும் கடையில் சுவர் முழுக்கக் கண்ணாடி.

மறுநாள் காலையில் கிளம்பும்வரை சொல்லவில்லை. காரில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பனி இறங்கி, முன்னால் போகும் காய்கறி லோரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. "அப்பா, அந்தப் படத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"பிரேக்க அமுக்கு. வளவு வருது," என்றார்.

அமுக்கினேன். வளைவு போனது. இன்னொரு முறை வாயெடுத்தேன். அவர் சன்னலைக் கொஞ்சம் இறக்கி, நீண்ட நாள் கழித்துப் பார்க்கும் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? தானா ராத்தா வந்துவிட்டது.

முடிவெட்டுபவர் அப்பாவுக்குப் பல வருடப் பழக்கம். கையைப் பிடித்து உட்காரவைத்துத் துணியைப் போர்த்தி, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். நான் பின்னால் நின்றேன். என் இடது கை தானாக நாற்காலியின் பிடிக்குப் போய்விட்டது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாகப் போனால் சீக்கிரம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்பா பார்த்தார். முதலில் நெற்றியை, பிறகு மெல்லக் கீழே. முடிவெட்டுபவர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டாமல், சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படத்துல இருக்கறத விட வாய் கோணலாத்தான் இருக்கு," என்றார் அப்பா. கண்ணாடிக்குள் இருந்த என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமாப்பா."

"தெரிஞ்சா அப்பிடி வரைஞ்ச?"

"இல்லப்பா. நேத்து அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். கார்ல சொல்ல வந்தேன்."

அவர் இடது கையைத் துணிக்கு வெளியே எடுத்து, வாயின் ஓரத்தைத் தொட்டார். விரலால் மேலே தூக்கிப் பிடித்தார். விட்டார். அது திரும்ப இறங்கியது. இன்னொரு முறை தூக்கினார், விட்டார். நான் தரையில் கிடந்த யாருடைய முடியையோ பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்விடுவார், மறுபடியும் பின்னறைக்குள் போய்விடுவார், அதற்குக் காரணம் நான்தான் என்று எல்லாவற்றையும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நினைத்து முடித்துவிட்டேன்.

"சரி, வெட்டு லா," என்றார் முடிவெட்டுபவரிடம். "மீசய மட்டும் பாத்து வெட்டு. அதாவது ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கட்டும்."

கத்தரிச் சத்தம் கேட்ட பிறகுதான் நாற்காலிப் பிடியிலிருந்து கையை எடுத்தேன்.

வெளியே வந்ததும், "படத்த திருத்தட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

"திருத்து. ஆனா இந்தத் தடவ நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன்."

அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவர் படத்தைப் பார்க்காமல் இருந்தபோது வரைந்தது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்த மழை நாளில் படத்தை வெளிச்சத்தில் நிறுத்தி, பழைய வாயைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். அப்பா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் ஒரு கோடு இழுத்தால், "இன்னும் கீழ," என்பார் அவர். "அவ்ளோ இல்ல, கொஞ்சம் மேல," என்பாள் அம்மா. இரண்டு பேரும் அதற்காகச் சண்டை போட்டார்கள். ஒருகட்டத்தில் அப்பா தன் வாயைத் திறந்து, மூடி, "பாத்துக்க, இதுதான்," என்று காட்டினார். அந்த வாயை அப்படியே வரைந்து முடித்தேன்.

முடிந்ததும் அவர் வெகுநேரம் பார்த்தார். "வீட்டுல மாட்டாத. வீட்டுக்கு நான் ஒருத்தன் போதும்," என்றார்.

காக்கா தன் படத்தைக் கடையில் மாட்டியிருந்தார். அதன் பக்கத்திலேயே இதையும் மாட்டிக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். "ரெண்டு கெழவனும் பேசிக்கிட்டு இருக்கட்டும்," என்றார்.

அந்தக் கடையில் அப்பா குடித்த முதல் தே தாரிக்கில் பாதி வாயோரமாக வழிந்து சட்டையில் இறங்கியது. நான் பதறிப்போய் டிஷ்யூவை நீட்டினேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். ஒரு குழந்தை பார்த்தது. அப்பா என் கையைத் தள்ளிவிட்டுத் தானே துடைத்துக்கொண்டு, கோப்பையை இடது பக்கத்துக்கு மாற்றிக் குடித்தார்.

பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அவர் குளியலறையில் கொஞ்சம் நேரமாக்கினால் கதவருகே போய் நிற்கிறேன். கடைக்குப் போனால் சமையல் ஆவி படத்தில் படுகிறதா, பூஞ்சணம் பிடிக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்க்கிறேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்புவதுகூட இல்லை. மேசையில் உட்கார்ந்ததும், மீன் தலைக் கறி இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று காக்காவைச் சத்தம்போட்டுக் கேட்கிறார்.